குண்டு விழுந்த தூரம்

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் மின்விசிறி
மூன்றாம் எண்ணுக்கு மேல் ஓடாது.
உறைகளைப் பிரித்தோம். அரக்கு
மேசை விரிப்பில் மிளகாய்த்தோல் மாதிரி உதிர்ந்தது.
உள்ளாட்சித் தேர்தல்.
வாக்காளர் பட்டியலை வைத்திருக்கவும்
எண்ணிக்கையைத் திரையில் ஏற்றவும்
ஒரு மென்பொருள் வேண்டும்.
ஆறு உறை. குறைந்த விலை நாலாவது.

விலாசம் புதுப்பாளையம், செருப்புக்கடைக்கு மேல்மாடி.
முந்தின நாளே போய்ப் பார்த்திருந்தேன்.
இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன்.
பூட்டைத் திறந்த பையன் சொன்னான்:
"மேடம், எங்க கம்பெனி சென்னைல."
சென்னையில் சொன்னார்கள்: சிங்கப்பூர்.
சிங்கப்பூர்த் தாளில் எழுபத்தொன்பது சதவீதம்
மொரீஷியஸுக்குக் கப்பலேறியது.
மொரீஷியஸில் ஒரு தபால்பெட்டி எண்
இன்னொரு தீவைக் கைகாட்டியது.
அங்கே ஆள் பெயர் சொல்லமாட்டார்களாம்.
எண்ணெய் தடவாமல் பண்ருட்டிப் பலாவில்
கைவைத்தவள் போல் உட்கார்ந்திருந்தேன்.
சுளை வரவில்லை.

கலிவரதன் சார் கணக்கில் புலி.
"உன் போன் எந்த நாடு?
உன் தம்பி உட்லண்ட்ஸ்ல யாருக்கு வேல செய்யறான்?
அவன் அனுப்புற காசு மட்டும் இனிக்குதா?"
விளையாட்டாகத்தான் கேட்டார்.
பிறகு விளையாட்டில்லாமல்:
"உள்ளூர் மொதலாளி மட்டும் என்ன,
கெடிலத்துல முங்கி திருநீறு பூசுனவனா?
பெண்ணையில மணல் அள்ளுனது யாரு?"

கேள்வி சரி.
ஆற்றில் அந்தக் குழிகளை நானும் பார்க்கிறேன்.
பதில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது,
அதுவும் பாதி.

மணல் அள்ளியவன் மேல் வழக்கு
இங்கிருந்து நடக்கும் தூரத்தில் நடக்கிறது.
வாய்தாவுக்கு வருகிறான்.
வேப்பமரத்தடியில் டீ குடிக்கிறான்.
கூண்டில் ஏறிப் பொய் சொல்கிறான்.
பொய் சொல்லவாவது ஒரு முகம் வருகிறது.
அந்தத் தீவுக்கு நம் சம்மனை
எந்த அமீனா எடுத்துப்போவார்,
எந்தக் கதவில் ஒட்டுவார்?

நான் இருப்பது குண்டு உப்பலவாடியில்.
கோட்டை விலைபோன காலத்தில்
விற்ற கை செஞ்சியில் இருக்க,
வாங்கிய கம்பெனி பீரங்கியைத்
திசைதிசையாகத் திருப்பிச் சுட்டதாம்.
குண்டு விழுந்த இடம் வரை அவர்களுடையது.
தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்தியவனை,
பாத்தியில் உப்பு வாரியவளை
யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள்.
சத்தம் கேட்டிருக்கும்.
நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்திருப்பார்கள்.

இப்போது சத்தமும் கேட்காது.
ஒரு வெள்ளி இரவு பங்கு கைமாறும்.
சனிக்கிழமை பட்டியல் அதே இடத்தில் இருக்கும்,
அதே எழுத்துரு, அதே பிழைகள்,
அஞ்சலாட்சிக்கு அதே இருநூற்று ஒன்பது வயது.
உடையவன் மட்டும் வேறு.
அவன் ஒன்றும் செய்யாமலே போகலாம்.
நல்லவனாகக்கூட இருக்கலாம்.
எனக்குத் தெரியவில்லை,
தெரிந்துகொள்ள வழியுமில்லை.

பச்சை மை எனக்கு அனுமதியில்லை. நீலத்தில் எழுதினேன்:
கடைசி உரிமையாளர் வரை பெயர், முகவரி தரப்பட வேண்டும்.
அயல்நாட்டுப் பங்கு இருப்பின் ஏற்பதற்கில்லை.
நடுவில் கைமாறினால் ஒப்பந்தம் அன்றே ரத்து.
உரிமையாளர் நம் சம்மன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடைசி வரியை சார் அடித்தார்.
"இது சட்ட பாஷை இல்லம்மா."
மற்ற மூன்றையும் இரண்டு தரம் படித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.
ராத்திரி தம்பி கூப்பிடுவான்.
மழையா என்று கேட்பான். மழையைப் பற்றிப் பேசுவேன்.

ஏழே முக்கால் பஸ்.
நடத்துநர் விசிலைக் கடித்துக்கொண்டே கத்தினார்:
"குண்டெல்லாம் எறங்கு, குண்டெல்லாம் எறங்கு!"
எனக்கு முன்னால் எழுந்த பருத்த மனிதர்
அவரை ஒரு முறை முறைத்தார்.